மேயரை விட்ட ஆளு

அட, மொதல்ல ஏறுப்பா. ஏறி உக்காந்துக்கிட்டு அப்புறமா வேணாம்னு சொல்லு. பையைத் தூக்கிப் பின்னாடி போடு. நாய்தான, கிரேவி ஒண்ணும் பண்ணமாட்டா, அது மேலயே சுருண்டு படுத்துத் தூங்குவா, அவ்வளவுதான். வில்லுப் பெட்டிய மட்டும் மடியில வச்சுக்க. பின்னாடி போட்டா டீசல் நாத்தம் ஏறிரும், அப்புறம் ஒரு வருசத்துக்கு எந்த ஆடும் உன் பக்கம் வராது.

நடந்தே போயிருவியா? எங்க, மெயின் ரோட்டுக்கா? ஏன் தம்பி, நம்ம வாசல்லருந்து பாத்தா தூரத்துல ஒரு கோடு தெரியுமே, அதான் ரோடுன்னு நெனச்சுட்டியா? அது பக்கத்துப் பண்ணை வேலிப்பா. ரோடு அதுக்கும் அந்தாண்ட, முப்பது கிலோமீட்டர். நீ போய்ச் சேர்றதுக்குள்ள சிட்னி பஸ்ஸு டப்போ டவுனையே தாண்டியிருக்கும். சிட்னிக்காரங்க எல்லாருக்கும் இதே வியாதி. கண்ணுக்குத் தெரிஞ்சா காலுக்கு எட்டிரும்னு நெனைப்பு.

கெய்லாவா? தூங்குறா. எழுப்பல. நான் யாரையும் எழுப்பல, பயப்படாத. நீ பூட்ஸைக் கையில தூக்கிக்கிட்டு சமையல்கட்டு வழியாப் பூனை மாதிரி போனியே, நான் அங்கதான் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். நீ என்னைப் பாக்கவே இல்ல. வெளிய போய் கிரேவி தலையத் தடவி, வரேண்டி கண்ணுன்னு சொன்ன, அது காதுல விழுந்துச்சு. நாய்கிட்ட சொல்லிக்கிட்டுப் போறவன் எம்பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா?

சரி சரி, திட்டல. வண்டி ஓட்டுறப்ப நான் யாரையும் திட்டமாட்டேன். ஓட்டி முடிச்சதும்தான் திட்டுவேன்.

இந்தா, மொத கேட்டு. எறங்கு. எறங்குப்பா, இந்தப் பக்கத்துச் சட்டம் தெரியும்ல? ஓட்டுறவங்க ஓட்டணும், பக்கத்துல உக்காந்திருக்கவங்க எறங்கித் தொறக்கணும். பிரதம மந்திரியே உக்காந்திருந்தாலும் அவருதான் சங்கிலிய எடுக்கணும். சங்கிலிய மேல தூக்கி இழு... அதேதான். பாரு, மொத நாள் தொறக்கத் தெரியாம ஏறிக் குதிச்சு பேன்ட்டைக் கிழிச்சுக்கிட்ட, இன்னிக்கு இங்கயே பொறந்தவன் மாதிரி தொறக்குற. வா வா, மறுபடி சாத்திட்டு வா. தொறந்திருந்த கேட்டைத் தொறந்தே விடணும், சாத்தியிருந்த கேட்டைச் சாத்தியே விடணும். இது ஒண்ணு தெரிஞ்சா போதும், இங்க காலத்த ஓட்டிரலாம். இன்னும் ரெண்டு கேட்டு இருக்கு.

நேத்து சாப்பாட்டு மேசையில நடந்ததுக்குத்தான் போற, இல்ல? சும்மா கேக்குறேன். போறதுன்னா போ, உன்னைக் கட்டியா போட முடியும். ஆனா என்ன நடந்துச்சுன்னு நான் பாத்ததைச் சொல்றேன், தப்பா இருந்தா நீ சொல்லு.

எங்க வீட்டுக் கூத்துதான் உனக்குத் தெரியுமே. எங்க வீட்டுக்காரரு டெஸ்ஸோட அப்பா ஆரம்பிச்சு வச்சது. இந்த வீட்டுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கிட்டு வர்றவங்க யாரா இருந்தாலும், ஆம்பளையோ பொம்பளையோ, வில்லால ஒரு காட்டுக்கெடாவ அடிச்சு அதோட கொம்பைக் கம்பளிக் கொட்டகைச் சுவத்துல மாட்டணும். கீழ பேர் எழுதுவாங்க. ஏன் வில்லுன்னா, குட்டி போடுற சமயத்துல துப்பாக்கி வெடிச்சா செம்மறிங்க மெரண்டு குட்டிய விட்டுட்டு ஓடிரும். அதுக்குன்னு அந்தக் கெழவர் வில்லைத் தூக்குனாரு, பேரன் வரைக்கும் யாரும் கீழ வைக்கல. அப்புறம் இந்த ஆடுங்களும் லேசுப்பட்டதா? யாரு வீட்டுலருந்தோ எப்பவோ ஓடிப்போன வெள்ளாடு, இன்னிக்கு ஊரையே மேய்ஞ்சுட்டு நிக்குது. எங்க செம்மறிக்கு ஒரு வாய் புல்லு மிச்சம் வைக்காது.

என்னோடதும் இருக்கு சுவத்துல, பாத்தியா? கடைசியில, ஒரு கொம்பு மட்டும் முறுக்கிக்கிட்டு, பாக்க சகிக்காது. அதுக்கே மூணு நாள் முள்ளுல கெடந்தேன். என் மாமனாரு அதைப் பாத்துட்டு, கொம்பு மாதிரியே மருமகளும் கோணலாத்தான் வந்திருக்கான்னாரு. செத்துப் போற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.

நீ வந்த அன்னிக்கே டெஸ் ஆரம்பிச்சுட்டாரு. சுவத்துல கொம்பு ஏறட்டும், அப்பத்தான் மாப்ளன்னு கூப்பிடுவேன், அதுவரைக்கும் வெறும் டங்கன்தான்னு. நானும் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் உன்னைத் தம்பி தம்பின்னு இழுத்துக்கிட்டு இருக்கேன்.

உன் கையில கோளாறு இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். முந்தாநாள் கொட்டகை முன்னாடி பீர் டப்பா மூடிய ஒட்டி வச்சு, வரிசையா மூணு அம்பை அதுலயே எறக்குன. எம்மவன் டீனோட வாய் அன்னிக்கு ராத்திரி பூரா மூடியே இருந்துச்சு, நான் அவனப் பெத்ததுலருந்து அப்படி ஒரு அமைதிய அனுபவிச்சதில்ல.

அதனாலதான் நேத்து வசமாப் புடிச்சுக்கிட்டாங்க. சும்மா ஏதோ ஒரு கெடான்னாலும் பரவால்ல. மேயரு! கறுப்பு ஒடம்பு, முதுகுல வெள்ளைச் சால்வ போட்ட மாதிரி, முட்டி வரைக்கும் தாடி, சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி ரெண்டு பக்கமும் விரிஞ்ச கொம்பு. டெஸ் எத்தனை வருசமா அது பின்னாடி அலையுறாரு தெரியுமா? சுவத்துக்கு நட்ட நடுவுல அதுக்குன்னு எடம் விட்டு, ஆணியே அடிச்சு வச்சிருக்காரு. வேற எந்தக் கொம்பையும் அதுல மாட்ட விடமாட்டாரு. ஒரு தடவ என் தொப்பிய மாட்டுனேன், ரெண்டு நாள் பேசல.

அந்த மேயரு உனக்கு இருபது எட்டுல வந்து பக்கவாட்டுல நிக்குது. நீ நாணை இழுத்தாச்சு. மேட்டுமேல இருந்து டெஸ்ஸும் டீனும் பைனாகுலர்ல பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ இழுத்துப் புடிச்சுக்கிட்டே நிக்குற, நிக்குற, நிக்குற. அப்புறம் மெதுவா நாணைத் தளர்த்திக் கீழ எறக்கிட்ட. மேயரு ஓடையத் தாண்டி வால ஆட்டிக்கிட்டுப் போயிருச்சு. இவ்வளவுதான? இவ்வளவுதான்.

ராத்திரி கேக்கணுமா. மச்சான், லிஃப்டு நடுவுல நின்னுபோச்சான்னு டீன் ஆரம்பிச்சான். லிஃப்டு சரியா ஓடுதான்னு பாத்துச் சொல்ற வேலைன்னு நீ சொன்ன நாள்லருந்தே அவன் அதை வச்சு என்ன சொல்லலாம்னு காத்துக்கிட்டிருந்தான். நம்ம ஊர்ல மாடியே கெடையாது, இவனுக்கு லிஃப்டு ஜோக்கு. டெஸ் சொன்னதுதான் பெரிசு. அம்பு விடப் போகலப்பா, மேயருக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்காருன்னாரு.

கெய்லா சிரிச்சா.

ம். அதான். அவங்க ரெண்டு பேரும் எவ்வளவு ஓட்டுனாலும் நீயும் கூடச் சேந்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்த, நான் பாத்தேன். கெய்லா சிரிச்சதும் உன் கையில இருந்த முள்கரண்டி கீழ போச்சு. அப்பவே நெனச்சேன், இந்தப் பையன் காலையில இருக்கமாட்டான்னு.

அட, எதுக்கு இப்ப ஜன்னலப் பாக்குற. அங்க ஒண்ணுமே இல்ல, எனக்குத் தெரியாதா.

ஒண்ணு சொல்றேன் கேளு. அவ அப்பன் ஜோக்கு சொன்னா சிரிக்கிறது அவளுக்கு மூச்சு விடுற மாதிரி. பொறந்ததுலருந்து அதே பழக்கம். சிரிக்கலேன்னா அந்த மனுஷன் அதே ஜோக்க மறுபடி சொல்வாரு, அதுக்குப் பயந்தே நாங்க எல்லாரும் மொத தடவையே சிரிச்சிருவோம். நீ எந்திரிச்சுப் போய்ப் படுத்ததுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதே? டீன் மறுபடி லிஃப்டுன்னு வாயெடுத்தான். தட்டுல இருந்த உருளைக்கெழங்கை எடுத்து அவன் மூஞ்சியிலயே அடிச்சா. சுட்ட கெழங்கு, உள்ள இன்னும் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்ப அவன் மூக்கைப் பாத்திருந்தா உனக்கே பாவமா இருந்திருக்கும். இரு, சிரிச்சிட்டியா? சிரிக்கலையா. சரி, இருமுன மாதிரி இருந்துச்சு.

ரெண்டாவது கேட்டு. போ. மெதுவா, அந்தக் கம்பி கையக் கிழிச்சிரும்.

கையா? ஓ, இதுவா. இது அந்தக் கம்பி இல்லப்பா, முள்ளு. நேத்து தண்ணி எறைக்கிற காத்தாடிக்கிட்ட தொட்டி மிதவை மக்கர் பண்ணுச்சு, அதைச் சரி பண்ணப் போனப்ப கீறிருச்சு. அதான் நேத்து நான் கடைசியா வந்தேன். தலையெல்லாம் ஒட்டுப்புல்லு. நான் வர லேட்டானதால கறி ஒரு பக்கம் கரிஞ்சே போச்சு, அதுக்கும் டெஸ்கிட்டத் திட்டு வாங்கியிருப்பேன். உன் புண்ணியம், எல்லாரும் உன்ன ஓட்டுறதுல மும்முரமா இருந்துட்டாங்க, கரிஞ்ச கறிய மறந்துட்டாங்க.

சரி, நான் ஒண்ணு கேக்குறேன். ஏன் விட்ட?

சொல்ல வேணாம். சரியாப் படலன்னு நேத்தே சொல்லிட்ட. மேசையில நாலு பேரு நாலு விதமாக் கேட்டும் அதையேதான் சொன்ன. ஆனா சரியாப் படலன்னா என்ன அர்த்தம்? கை நடுங்குச்சா? நடுங்கல, நடுங்குனா அம்பு முனை ஆடும், அது ஆடல. ...ஆடலன்னு டீன்தான் சொன்னான், பைனாகுலர்ல பாத்தான்ல. பாவம் பாத்தியா? பாவம் பாக்குற ஆளு, மேயரோட பங்காளியப் போட்டு வேகவச்ச குழம்பை ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்க மாட்ட. ரொட்டியால வழிச்சு வேற சாப்பிட்ட. அவ்ளோ பெரிய மிருகத்தப் பாத்ததும் மனசு எளகிருச்சு, கண்ணும் கண்ணும் பாத்துக்கிச்சுன்னு ஏதாவது சொல்லிருந்தாக்கூட டெஸ் ஒத்துக்கிட்டிருப்பாரு. நாலு பீர் உள்ள போனா அவரும் அப்படித்தான் பேசுவாரு.

அது கெடக்கட்டும். எனக்கு வேற ஒரு விசயம்தான் ராத்திரி பூரா மண்டையக் கொடஞ்சுச்சு. மேயரு உன் பக்கம் எப்படி வந்துச்சு?

இல்ல, கேளு. உன்ன உக்கார வச்ச எடம் இருக்கே, அந்தப் பெரிய மரத்தடி, அது சரியான எடமே இல்ல. காத்து உன் முதுகுல பட்டு நேரா ஓடைக்குப் போகுது. உன் சோப்பு வாசன, வேர்வ வாசன எல்லாத்தையும் தட்டுல வச்சு ஆட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கும். டெஸ்ஸுக்குத் தெரியாமலா? வேணும்னேதான். புதுசா வர்றவங்க எல்லாரையும் மொத நாள் அங்கதான் உக்கார வைப்பாரு. சாயங்காலம் வரைக்கும் ஆடே வராது, எறும்பு கடிச்சுச் சிவந்துபோய் வருவாங்க, இவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. மறுநாள் நல்ல எடம் காட்டுவாரு. எனக்கும் அதையேதான் பண்ணுனாங்க. ஆனா நீ இன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டோட கெளம்பணும்னு ஏற்கெனவே சொல்லியிருந்த, உனக்கு ஏது மறுநாள்? அது அந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அங்கயே உக்கார வச்சாரு. பொண்ணைக் கட்டிக்குடுக்க மனசில்லாத அப்பன்மாரு எதையெல்லாம் புடிச்சுத் தொங்குவாங்கன்னு நீயும் ஒரு பொண்ணப் பெத்தா தெரிஞ்சுக்குவ.

அப்படிப்பட்ட எடத்துக்கு, மூக்குல உன் வாசனைய வாங்கிக்கிட்டே, அந்தக் கெழட்டுக் கெடா நடந்து வருது. அதுவும் மேயரு. காத்துல ஒரு பிஸ்கட் வாசன வந்தாலே அடுத்த பண்ணைக்கு ஓடிப்போற ஜாதி. ஏன் வந்துச்சு? ஆயுசு பூரா ஆடு பாத்த ரெண்டு ஆம்பளைங்க மேட்டுமேல உக்காந்து கண்ணு வலிக்கப் பாத்தாங்க. ஒருத்தனுக்காவது இதைக் கேக்கத் தோணுச்சா? ரெண்டு பேருக்கும் கொம்புலதான் கண்ணு.

என்ன, உனக்கும் தோணலையா? தோணுச்சா. ம்.

பாத்து, கெட்டியாப் புடிச்சுக்க, இங்க பள்ளம். இந்த வண்டிக்கு ஸ்பிரிங்கு செத்துப் பல வருசமாச்சு. அந்தப் பின்சக்கரம் தடக்தடக்குங்குதே, அது டீன் பண்ணுன வேல. போன குளிர்காலத்துல ஒரு கெடாவ அடிச்சான் பாரு, அம்பு அதுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்து, நிக்காமப் போய் இந்த டயர்ல குத்திருச்சு. அந்தக் கப்பி வச்ச வில்லுக்கெல்லாம் ஒரு ஆடு பத்தாது. அப்பத்தான் நான் மேசையில கரண்டியத் தட்டிச் சட்டம் போட்டேன். நீயும்தான் கேட்டியே, நேத்துக் காலையில கூட முட்டைய வச்சுக்கிட்டே கத்துனேன். வில்லோட ஒரு ஆளு உக்காந்துட்டா, அந்த ஆளு விசிலடிக்கிற வரைக்கும் மத்தவங்க யாரும் அவங்கவங்க எடத்த விட்டு அசையக் கூடாது. டெஸ்ஸும் டீனும் மேட்டுல. கெய்லா வீட்டுல. நான் காத்தாடிக்கிட்ட, வண்டியோட. இதுல எவனாவது நகந்தான், அவனுக்கு ஒரு மாசம் சோறு கெடையாதுன்னு சொன்னேன். அந்த வீட்டுல நான் போட்ட ஒரே சட்டம் அதுதான், மத்ததெல்லாம் கெழவர் போட்டது.

உன் வேலையப் பத்திக் கேக்கணும்னு இருந்தேன். ஒரு முப்பது மாடிக் கட்டடம்னு வையி. லிஃப்டு பாக்கப் போற. கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒரு சத்தம், எங்கருந்து வருதுன்னு தெரியல. என்ன பண்ணுவ?

நிறுத்திருவியா? உடனேவா? அத்தனை மாடி ஆளுங்களும் ஏறி எறங்கணுமே, திட்டமாட்டாங்களா? திட்டுனாலும்? அப்புறம் கழட்டிப் பாத்தா ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கும்ல?

அப்படியும் நிறுத்துவியா. சரி. சரிப்பா. ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. இந்த ஜன்னல் ஒழுங்கா மூடாது.

அங்க பாரு, ஈமு. ஆறு... ஏழு. நம்மகூடவே ஓடி வருது பாரு கூறுகெட்டது. எந்தப் பக்கம் போறோம்னு அதுக்கும் தெரியாது, ஆனா நம்மள முந்தணும்.

வந்தாச்சு. அந்தா தெரியுது பாரு கறுப்பா, அதான் ரோடு. இது கடைசிக் கேட்டு. தூரத்துல வெள்ளையா மின்னுதே, அது பஸ்ஸாத்தான் இருக்கும். இன்னிக்குன்னு பாத்து நேரத்துக்கு வர்றான். எறங்கு, பையை அப்புறம் எடுத்துக்கலாம்.

இரு, சங்கிலியில கைய வச்சுட்ட, சரி. தொறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இனிமே உன்ன நான் பாப்பேனோ மாட்டேனோ. டெஸ் இல்ல, டீன் இல்ல, நான் மட்டும்தான் இருக்கேன், நான் சிரிக்கவும் மாட்டேன். ஏன் விட்ட?

என்ன? சத்தமாச் சொல்லு, எஞ்சின நிறுத்திட்டேன் பாரு. சொல்லு.

காதா?

காது பின்னாடி திரும்பியிருந்துச்சா. ஆமா... வாசன உங்கிட்டருந்துதான் போகுது, பயந்தா உன்னத்தான் பாக்கணும். ஆனா அது தலையத் திருப்பிப் பின்னாடியே பாத்துச்சு. ரெண்டு காதும் பின்னாடி. உனக்குப் பயந்ததவிட அதிகமா வேற எதுக்கோ பயந்துச்சு. அதுக்குப் பின்னாடி புல்லுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியல. தெரியாததுனால எறக்கிட்ட.

அவ்ளோ பெரிய கொம்பு கண்ணு முன்னாடி நிக்குது, நீ போய்க் காதைப் பாத்திருக்க!

இதை ஏன்யா நேத்து சொல்லல? சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னா? ஆமா, சொல்லியிருந்தா டீன் அதுக்கும் ஒண்ணு வச்சிருப்பான். அப்புறம் போய்ப் பாத்தியா அந்த எடத்த? பாத்தியா. என்ன இருந்துச்சு?

புல்லு மடங்கியிருந்துச்சா. ஒரு ஆள் நீளத்துக்கு. கங்காரு படுத்திருந்திருக்கும்னு நெனச்ச.

கங்காரு இல்ல மாப்ள. நான்தான்.

ஆமா. மாப்ளதான். சட்டத்த ஏற்கெனவே ஒடச்சாச்சு, இன்னொண்ணையும் ஒடச்சா என்ன. தொட்டியுமில்ல, மிதவையுமில்ல. உங்களுக்கு மறுநாளே கெடையாது, அந்த மனுஷன் மரத்தடியில உக்கார வச்சுட்டாரேன்னு வயிறெரிஞ்சுபோய், ஓடைக்குள்ள எறங்கிச் சுத்திப் போய் ஆடுங்கள உங்க பக்கம் தள்ளிவிடலாம்னு போனேன். கெய்லா இந்த மூணு நாளா வீட்டுல பாடிக்கிட்டுத் திரியுறா, அவ பாடி எவ்வளவு நாளாச்சு தெரியுமா. அதைக் கெடுக்க விடக் கூடாதுன்னு போனேன். பெட்டைங்க எல்லாம் பக்கவாட்டுல ஓடிருச்சு. மேயரு மட்டும் நேரா உங்ககிட்ட வந்து நின்னுச்சு, அதுக்குப் பின்னாடி பத்தே எட்டுல நான். அப்படியே குப்புற விழுந்தேன். அதோட கால் சந்துல உங்க மொகம் தெரியுது, அம்பு முனை தெரியுது. கத்தலாம்னா, உங்க விரல் நாணுல இருக்கு, திடுக்குனு விட்டுட்டீங்கன்னா? அது ஒரு ஆட்டோட நிக்குற அம்பு இல்ல. அந்த நேரத்துல எனக்கு என்ன ஞாபகம் வருதுங்கிறீங்க? அடுப்புல கறி கரியுமேன்னு! நீங்க வில்லை எறக்குனதும் அந்தப் புல்லுலயே மொகத்தப் பொதைச்சு அழுதேன். வீட்டுக்கு வந்து வாயத் தொறந்தனா? நீங்க ஒருத்தரு அத்தன ஏச்சும் வாங்குறீங்க, நான் குழம்பு ஊத்திக்கிட்டு நிக்குறேன். எனக்கே வெக்கமா இருக்கு.

இன்னிக்கு மத்தியானம் மேசையில கரண்டியத் தட்டி நானே சொல்லப் போறேன். டெஸ் என்ன கத்து கத்துவாருன்னு தெரியாது, நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும். அந்த நடு ஆணியில ஒண்ணும் மாட்ட வேணாம். கீழ டங்கன்னு பெயின்ட்டுல எழுதிருவேன், எங்க கொம்புன்னு கேக்குறவங்க என்கிட்ட வந்து கேக்கட்டும்.

பஸ்ஸு வந்துருச்சு. கை காட்டுனாத்தான் நிப்பான். உங்க இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சாத்தியிருந்த கேட்டு சாத்தியபடியே இருக்கணும், அது எல்லாருக்கும் பொதுச் சட்டம். சங்கிலிய விட்டுட்டு வந்து ஏறுங்க மாப்ள, கெய்லா எந்திரிச்சிருப்பா.